எட்டாம் நாள் புகை

நாட்டில் மோட்டார் பம்பு விற்காமல் போய், கார் கம்பெனிகள் வாரத்தில் மூன்று நாள் கதவைச் சாத்தி, அடகுக்கடை வாசலில் மட்டும் கூட்டம் நின்ற அந்த வருடத்தில், கோயம்புத்தூருக்கு வெளியே உலைப்பாளையம் என்கிற ஊரில் இரும்பு வார்க்கிற பதினேழு பவுண்டரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. கடைசியாக அணைந்தது லட்சுமணசாமி முதலாளியின் கூபலா, ஊரிலேயே உயரமான குழாய் வைத்த உலை, ஆனி மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு வானம் சாம்பல் நிறத்தை விட்டது, மேற்கே மலை தெரிந்தது, மலைமேல் மரம் தெரிந்தது, ஒன்பதாம் நாள் காலை ஆறு மணிச் சங்கு ஊதவேண்டிய நேரத்தில், இத்தனை வருடமாக அந்த ஊரைவிட்டுப் போன புகை திரும்பி வந்தது.

கிழக்கிலிருந்து வந்தது. உலைப்பாளையத்துக் காற்று பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. புகை அதை எதிர்த்துக்கொண்டு, மேய்ந்துவிட்டுத் தொழுவம் திரும்புகிற மாடுகள்போல அவசரமில்லாமல் வந்து, தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளின்மேல் சற்று நேரம் தங்கி, வெயில் ஏறியதும் பவுண்டரி முற்றத்துக்கு நகர்ந்து, மதியத்துக்குள் தன் குழாய் எது என்று அடையாளம் கண்டு, அதன் வாய்க்குள் இறங்கியது. பக்கத்துப் பவுண்டரிக் குழாய்களிலும் அவையவற்றின் புகை அப்படியே இறங்கியது, ஒன்றுகூட வீடு மாறிப் போகவில்லை. வாட்ச்மேன் கூபலாவின் அடிக்கதவைத் திறந்து பார்த்தபோது உள்ளே கரி கிடந்தது. என்றைக்கோ எரித்துத் தீர்த்த கரி, முழுசாக, லாரியிலிருந்து அப்போதுதான் இறக்கியதுபோல மினுமினுப்பாக.

வசந்தாமணி அன்றைக்குச் செய்த முதல் காரியம், கொடியில் கிடந்த துணிகளை அள்ளி உள்ளே போட்டது. லட்சுமணசாமி பவுண்டரியில் முப்பத்திரண்டு வருடமாகக் கோர் போடுகிறவள் அவள். மணலைப் பிசைந்து, அச்சில் அடைத்துச் சுட்டு, இரும்புக்குள் எங்கே வெற்றிடம் இருக்கவேண்டுமோ அங்கே வைக்கிற மணல் கட்டிக்குப் பெயர் கோர். புகையைக் கண்டால் துணியை எடுப்பது அவள் கைக்குத் தானாக வருகிற பழக்கம். ஆனால் துணியில் கரி படியவில்லை. அதற்குப் பதிலாகப் பக்கத்து வீட்டில் போன வைகாசியில் கொதித்த மாங்காய்க் குழம்பின் வாசம் வந்தது, பின்னாலேயே பால்காரனை ஒரு பெண் கிழித்துத் தோரணம் கட்டுகிற சத்தம் வந்தது. யார் இந்த வாயாடி என்று வசந்தாமணி எட்டிப் பார்த்தாள். தெருவில் யாருமில்லை, அது அவளுடைய குரலேதான். இவ்வளவு சத்தமாகவா பேசுகிறோம் என்று வெட்கப்பட்டு, அடுத்த இரண்டு நாள் பால்காரனிடம் மெதுவாகப் பேசினாள்.

நாலைந்து நாளில் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. போகிறபோது எதையெதைத் தொட்டுக்கொண்டு போனதோ அதையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு வருகிறது புகை. ஒரு நாளைக்கு இரண்டு மாதத்துப் புகை வருகிறது. கடைசியாகப் போனது முதலில் வருகிறது, அதற்கு முன்னால் போனது அதற்குப் பின்னால். ஏன், எப்படி என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. முப்பது நாற்பது வருடம் வெளியே திரிந்தவன் கையில் வேலையில்லாதபோது வீடு திரும்புவதில் என்ன அதிசயம், ஊர்ப் பையன்கள் பாதிப்பேர் அப்படித்தானே வந்து படுத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

டீக்கடைச் சென்னியப்பன் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, தினமும் காலையில் 'இன்று: ஐப்பசி, கார்த்திகை' என்று எழுதி, கீழே வருடத்தையும் போட்டான். வேலையில்லாமல் சும்மா கிடந்த ஆட்கள் நாற்காலி எடுத்து வந்து அவரவர் வருடத்துக்குக் கீழே உட்கார்ந்தார்கள். போனஸ் போட்ட தீபாவளிகள் வந்தன, இரண்டு ஷிஃப்ட் ஓடிய மாதங்கள் வந்தன, வாரச் சம்பள நாளில் லைன் முழுக்கப் பொரித்த கோழி வாசம் வந்தது, கேன்டீன் போண்டாவும் ரேடியோ கிரிக்கெட்டும், புதுசாக வாங்கிய டிவியை ஊரே கூடி ஆன் செய்த சாயங்காலமும் வந்தன, செத்துப்போன ஷிஃப்ட் மேஸ்திரி யாரையோ அம்மா பேரைச் சொல்லித் திட்ட, திட்டு வாங்கியவன் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் திட்டமாட்டாரா என்று காத்திருந்தான். திருப்பூருக்குப் பிழைக்கப் போன ஒரு ஜோடி தங்கள் கல்யாணத்து நாதசுரத்தைக் கேட்க பஸ் ஏறி வந்து, கேட்டு முடித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்குப் பந்தியில் பேசிய பேச்சும் சேர்ந்து வந்துவிட்டதால், இருபது வருடத்துச் சண்டையைப் புதுசாகப் போட்டுக்கொண்டு தனித்தனி பஸ்ஸில் திரும்பினார்கள்.

"அப்பெல்லாம் பொகைன்னா பொகைங்க," என்றான் சென்னியப்பன், யாரும் கேட்காமலே. "மத்தியானத்துலயே லைட்டுப் போடோணும். ஆனா அடுப்புல ஒலை கொதிச்சுதுங்க."

நாற்காலிகள் எல்லாம் தலையாட்டின.

அந்த மாதங்களில்தான் பேப்பரில் செய்தி வந்தது: நாட்டில் கரிப்புகை குறைந்துவிட்டது, உலகமே மெச்சுகிறது, இன்னும் குறைந்தால் இன்னும் நல்லது. சென்னியப்பன் உரக்கப் படித்தான். "இதுல நம்ம பங்கு எவ்வளவுன்னு போட்டிருக்கானா?" என்று மணலில் அச்செடுக்கிற மோல்டர் ஒருவன் கேட்டான். ஒரு நாள் அதிகாரிகள் வந்து மேடை போட்டு, சுத்தமான காற்றுக்காக உலைப்பாளையத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். பவுண்டரிக்காரர்கள் சார்பில் லட்சுமணசாமி அதை வாங்கிக்கொண்டார். வேலை போன ஆயிரத்து இருநூறு பேரும் கீழே நின்று கைதட்டினார்கள். நிகழ்ச்சியில் மிக்சரும் காபியும் உண்டு என்பதும் ஒரு காரணம்.

அப்புறம் சென்னையிலிருந்து ஒரு இளைஞன் காரில் வந்தான். ஒரு ஊர் விடாமல் மிச்சம்பிடித்த புகையைக் கணக்குப் போட்டு விலைக்கு வாங்கி, விட்டே தீரவேண்டிய கம்பெனிகளுக்கு விற்கிறது அவனுடைய தொழில். திரும்பி வந்த புகைக்கும் நல்ல விலை உண்டு, ஆனால் இனி எந்தக் காலத்திலும் உலை பற்றவைப்பதில்லை என்று எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டும் என்றான்.

"சரிங்க தம்பி, அப்பறம் இத்தன சனமும் என்ன பண்றது?" என்று லட்சுமணசாமி கேட்டார்.

"அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லைங்க சார்," என்று அவன் உண்மையான வருத்தத்தோடு சொன்னான். புகையை அளக்கிற தன் கருவியைக் குழாய்க்கு நேராகப் பிடித்துப் பார்த்தான், முள் அசையவில்லை. புகைக்கு எடையே இல்லை என்று காட்டியது கருவி. இரண்டு நாள் இருந்து, சென்னியப்பன் கடையில் பதினாறு டீ குடித்துவிட்டுப் போனான்.

வசந்தாமணி இதற்கெல்லாம் போய் நிற்கவில்லை. அவள் முதல் வாரமே நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணியிருந்தாள். அவளுக்கும் ஆறுச்சாமிக்கும் மேகலா என்று ஒரு பெண் இருந்தாள். நாலரை வயது வரைக்கும் இருந்தாள். இளைப்பு வந்து, பதினாலு மாதம் இருமி, இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய ஆனி மாதத்தில் ஒரு நாள் இருமலை நிறுத்திவிட்டாள். ஒரு நாளுக்கு இரண்டு மாதம் என்றால் அந்த ஆனிப் புகை மார்கழி மூன்றாம் தேதி வரும். அங்கிருந்து ஏழு நாள் இருமல். எட்டாம் நாள், மார்கழி பத்து, இருமலுக்கு முந்தைய பங்குனியும் சித்திரையும் வரும்: மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் பலூனைத் துரத்திக்கொண்டு ஓடின மேகலா, ஓடி ஓடிக் களைக்காத மேகலா. வசந்தாமணிக்கு அந்த ஓட்டம் மறந்துவிட்டது. எவ்வளவு யோசித்தாலும் பாயில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளைதான் ஞாபகத்துக்கு வந்தாள். ஒரு நாள், எட்டாம் நாள் ஒன்று மட்டும் போதும், அதைக் கேட்டுவிட்டால் போதும் என்று ஐந்து மாதம் சாமி கும்பிட்டாள்.

ஆறுச்சாமியும் எண்ணியிருந்தான் என்பது அவளுக்குத் தெரியும். அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. முப்பத்தைந்து வருடம் கூபலாவுக்கு முன்னால் நின்று இரும்பை உருக்கி இறக்கினவன், இப்போது அவினாசி ரோட்டில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்து வாசலில், தோள் இறங்கிய சட்டையும் தலைக்குப் பெரிய தொப்பியும் போட்டுக்கொண்டு, உள்ளே வருகிற கார்களுக்கெல்லாம் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சட்டையை வசந்தாமணி துவைத்துப்போடுகிறபோது கொடியில் தெருப்பக்கம் போடமாட்டாள்.

பம்பு ஆர்டர் கார்த்திகைக் கடைசியில் வந்தது. கடல் கடந்த ஒரு நாட்டிலிருந்து, நாலாயிரம் பம்பு உடல்கள். முதல் வார்ப்பைக் கண்ணால் பார்க்க அவர்களுடைய ஆள் மார்கழி பத்தாம் தேதி மதியம் வருகிறார், உருகின இரும்பைக் காட்டவேண்டும், காட்டாவிட்டால் அன்று சாயங்காலமே வடக்கே வேறொரு ஊருக்கு ரயில் ஏறிவிடுவார். மதியம் இரும்பு ஓடவேண்டுமானால் விடிகாலையில் உலை பற்றவேண்டும். மார்கழியில் யாராவது புதுக்காரியம் தொடங்குவார்களா என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. ஐந்து மாதம் காய்ந்த வயிறு பஞ்சாங்கம் பார்க்காது.

உலை பற்றினால் வந்துகொண்டிருக்கிற புகை என்ன ஆகும் என்பதும் ஊருக்குத் தெரியும். ஐப்பசியில் ஒரு சின்னப் பவுண்டரிக்காரர் இரண்டு நாள் வேலைக்காக உலையை மூட்ட, அவருடைய பழைய புகை நடுவானத்தில் நின்று பார்த்துவிட்டு, கிழக்கே திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு வரவே இல்லை.

இதில் இன்னொரு சிக்கல், உலைப்பாளையத்து வழக்கம். ஒரு மாதத்துக்கு மேல் ஆறிப்போன உலையை, கோர் போடுகிற பெண்களில் மூத்தவள்தான், தன் வீட்டு அடுப்பிலிருந்து இருப்புச் சட்டியில் தீ கொண்டுபோய்ப் பற்றவைக்கவேண்டும். வெற்றிடம் செய்கிறவள் கைத்தீ இல்லாவிட்டால் வார்ப்பில் பொத்தல் விழும் என்பது நம்பிக்கை. தீ கொண்டு வருகிறவள் முதலாளியிடம் ஒன்று கேட்கலாம், கேட்டதைக் கொடுத்த பிறகுதான் உலை பற்றும். ஒருத்தி பட்டுச்சேலை கேட்டாள். ஒருத்தி பெண்களுக்குக் கக்கூஸ் கேட்டாள். பதினொரு வருடம் மனுக் கொடுத்தும் வராதது ஒரே வாரத்தில் எழும்பியது. இப்போது மூத்தவள் வசந்தாமணி.

"என்ன கேக்கறதுன்னு யோசிச்சு வெய்யுங்க அம்மிணி," என்று லட்சுமணசாமி சொல்லிவிட்டுப் போனார். அவள் என்ன கேட்பாள் என்று அவருக்கும் தெரியும். அவர் முகம் அப்படித்தான் இருந்தது.

மார்கழி மூன்றாம் தேதி காலையில் சென்னியப்பன் கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. ஜனங்கள் வந்தார்கள், ஆனால் வசந்தாமணி வீட்டுப் பக்கம் முகத்தைக் காட்டாமல் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். ஆறுச்சாமி லீவு சொல்லிவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தான்.

புகை வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை விழுகிற சத்தம் முதலில் வந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு யாரோ காற்று அடித்தார்கள். அப்புறம் இருமல், சின்னதாக, வறட்டாக, நடுநடுவே மூச்சை எட்டிப் பிடித்துக்கொண்டு. வசந்தாமணி இரண்டு கையாலும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். இருமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித்தள்ளி வந்தது, அப்புறம் வரவில்லை, மழை மட்டும் பெய்தது, அப்புறம் ஒரு பெண் கத்தினாள். அந்தக் கத்தலை வசந்தாமணி இன்னொருத்தியுடையதைக் கேட்பதுபோலக் கேட்டாள், பாவம் யார் பெற்ற பெண்ணோ என்று.

வெயில் ஏறிப் புகை முற்றத்துக்கு நகர்ந்தபோது அவளும் எழுந்து பின்னாலேயே நடந்தாள்.

"அங்க ஒண்ணுமில்ல வசந்தா, வூட்டுக்குப் போலாம் வா," என்றான் ஆறுச்சாமி. அவள் கேட்கவில்லை.

மேகலா இருமலை நிறுத்திய அந்த நாளில் ஆறுச்சாமி வேலையிலிருந்து உடனே வரவில்லை. காலையில் பிள்ளை போனாள், சாயங்காலம் நாலு மணிக்குத்தான் அவன் வந்தான். ஏன் என்று அவள் கேட்டதில்லை, அவன் சொன்னதுமில்லை. அதை நடுவில் வைத்துக்கொண்டு இருபத்தாறு வருடம் ஒரே அடுப்பில் சாப்பிட்டிருக்கிறார்கள். இப்போது குழாய்க்குக் கீழே நின்றபோது, உலைக்குக் காற்றடிக்கிற புளோயர் இரைகிற சத்தம் வந்தது. யாரோ ஓடிவந்து சேதி சொன்னார்கள். 'நீ போ ஆறுச்சாமி' என்று ஒரு குரல். 'இரும்பு எறங்கீருச்சு, இப்ப உட்டுட்டுப் போனா உள்ளுக்குள்ளயே ஒறஞ்சுக்கும், அத்தன பேரு பொழப்பும் போயிரும்' என்று அவனுடைய குரல், இளமையாக. அதற்குப் பிறகு புளோயர் இரைச்சலுக்கு அடியில் ஒரு சத்தம் தொடங்கியது. மனிதன் அப்படி அழுவான் என்று வசந்தாமணி கேட்டதில்லை. உலைவாயில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறான். பக்கத்தில் நின்றவனுக்குக் கேட்டிருக்காது, குழாய்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

"ஏனுங்க, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றாள் அவள்.

"என்னத்தச் சொல்றது," என்றான் ஆறுச்சாமி. "அந்தச் சத்தத்துல எனக்கே கேக்கல."

அன்றைக்குக் குழாயில் இறங்கிய கரியை மற்றதோடு சேர்க்காமல், கூலி ஆட்கள் தனியாக ஒரு மூலையில் கொட்டித் தார்ப்பாயால் மூடினார்கள். அதை யாரும் சொல்லிச் செய்யவில்லை.

நாலாம் தேதி, ஐந்தாம் தேதி, ஆறாம் தேதி, புகை வந்துகொண்டே இருந்தது. மேகலா இருமினாள். அவள் மட்டுமில்லை. மூன்றாம் லைனில் ஒரு பையன், கடைசி வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், பம்படிக்கு எதிர்வீட்டில் பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத ஒன்று, எல்லாம் இருமின. தீபாவளிக்கும் சம்பள நாளுக்கும் நடுவில் இவ்வளவு இருமல் இருந்ததா என்று ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இருந்திருக்கிறது, எல்லா வருடத்திலும் இருந்திருக்கிறது, இவர்கள்தான் போண்டா வாசத்தையும் கிரிக்கெட்டையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

ஆறாம் தேதி சாயங்காலம் லட்சுமணசாமி நாலு பேரோடு வசந்தாமணி வீட்டுக்கு வந்தார். லைனே வாசலில் நின்றது. பாதி வீடுகளில் ஒருவேளைச் சமையல் நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வழக்கப்படி நீங்க ஒண்ணு கேக்கோணும் அம்மிணி," என்றார் அவர். "என்னன்னு ஊருக்கே தெரியும். எட்டாம் நாளத்தான் கேப்பீங்க. கேளுங்க. அவிய ஆளுக்கு வரவேண்டாம்னு நான் போன் போட்டுச் சொல்லிப்போடறனுங்க. இன்னொரு ஆர்டர் வராமயா போயிரும்."

வராது என்பது அவருக்கும் தெரியும், நின்றவர்களுக்கும் தெரியும்.

"கேளு வசந்தா," என்றான் ஆறுச்சாமி.

வசந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் பக்கத்து வீட்டுப் பிரேமா வெறும் கழுத்தோடு நின்றாள். தாலிக்கொடி அடகுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அவளுக்குப் பின்னால் தெருவில் அவளுடைய பெண் தர்ஷினி, ஆறு வயது, கோடு கிழித்துப் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து பையில் மூச்சுக்கு இழுக்கிற மருந்துக் குழாயோடு போன பிள்ளை. ஐந்து மாதமாக அந்தக் குழாய் பிரேமா வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. ஒற்றைக் காலில் தத்தித் தத்திக் கடைசிக் கட்டம் வரைக்கும் போய், மூச்சு வாங்காமல் திரும்பி, மறுபடியும் தத்தினாள் தர்ஷினி. வசந்தாமணி அவள் திரும்பி வருகிற வரைக்கும் பார்த்தாள்.

"பவுண்டரிக்குப் பொறவால ஒரு தொட்டி கெடக்குதுங்களே," என்றாள். "பொகையைத் தண்ணில கழுவற தொட்டி. அத மாட்டுங்க. மாட்டி ஓட்டினாத்தான் தீ வருமுங்க. நாளைக்கும் ஓடோணும், ஆர்டர் முடிஞ்சும் ஓடோணும்."

லட்சுமணசாமிக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "தொட்டியா?" என்றார். "அதுக்குக் கரண்டு..." என்று தொடங்கி, வழக்கம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "எட்டாம் நாளு?" என்று கேட்டார், கேட்கக்கூடாததைக் கேட்கிறவர்போல.

"அது எனக்கு மட்டுந்தானுங்க," என்றாள் வசந்தாமணி.

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, மனசு ஆறவில்லை. அன்றைக்கு இருட்டும் முன்பே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, ஐந்து மாதமாக எண்ணிய விரல்களை வாயில் கடித்துக்கொண்டு அழுதாள். கொடுத்த வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தாள். ஆறுச்சாமி வெளியே நின்றான். அவள் கதவைத் திறந்தபோது துண்டை நீட்டினான், அப்புறம் காவலாளிச் சட்டையை மடித்து ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினான்.

அந்தத் தொட்டி எட்டு வருடத்துக்கு முன்னால் வாங்கினது. சோதனைக்கு வருகிற அதிகாரிகளுக்குக் காட்டுவதற்காகவே வாங்கி, காட்டிக் காட்டி, ஒரு நாள்கூட உலையோடு சேர்க்காமல் வைத்திருந்தார்கள். கடைசியில் அதிகாரிகளும் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டதால், அதற்குள் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. கோழிகளைத் துரத்தி, துருவைச் சுரண்டி, பொத்தலை அடைத்து, குழாயோடு சேர்க்கிற பெரிய வளைவை ஆறுச்சாமி தன் கையால் வெல்டிங் வைத்தான். மூன்று நாள், கூலி பேசாமல், ஊரில் பாதிப்பேர் ஏணிமேலும் பாதிப்பேர் ஏணியைப் பிடித்துக்கொண்டும் நின்றார்கள். அவர்கள் தலைக்குமேல் ஏழாம் தேதியும் எட்டாம் தேதியும் ஒன்பதாம் தேதியும் மேகலா இருமிக்கொண்டு போனாள். ஒவ்வொரு நாளும் இருமல் கொஞ்சம் குறைந்தது. பின்னால் போகப்போக நோய் இளசாக இருந்தது. ஒன்பதாம் தேதி மதியம் கடைசி இருமல் சளி பிடித்த பிள்ளையின் இருமல் அளவுக்குத்தான் இருந்தது. அந்த ஏழு நாள் கரியும் தார்ப்பாய்க்குக் கீழேயே இருந்தது. நாலாயிரம் பம்புக்கும் மற்ற வருடங்களின் கரி போதும், இதில் கைவைக்க வேண்டாம் என்று லட்சுமணசாமியே சொல்லிவிட்டார்.

பத்தாம் தேதி விடிகாலையில் வசந்தாமணி தலைக்கு ஊற்றி, கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, அதன்மேல் கொட்டாங்குச்சிகளை வைத்து, அவை தணலானதும் இருப்புச் சட்டியில் அள்ளிக்கொண்டாள். கோயில் ஸ்பீக்கரில் மார்கழிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆறுச்சாமி கூடவே வந்தான். லைன் கடைசியில் திரும்பினால் பவுண்டரி கேட்; அங்கே எல்லாரும் குளித்து, பழைய காக்கிச் சட்டைகளைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

புகை அன்றைக்கு முன்னதாகவே வந்துவிட்டிருந்தது. கூரைக்குமேல் போகாமல், லைன் முனையில், மூன்று வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு, தாழ நின்றுகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து நோம்பிக் கொட்டுச் சத்தம் லேசாக வந்தது, வறுத்த கடலை வாசம் வந்தது, பலூன்காரனின் பீப்பீ வந்தது. அவள் ஓர் அரைமணி நேரம் அங்கேயே நின்றால் போதும், எல்லாம் வந்துவிடும். சட்டியில் தணல் வெளுக்கத் தொடங்கியது.

"நில்லு," என்றான் ஆறுச்சாமி மெதுவாக. "சித்த நேரம் நில்லு. வேற கொட்டாங்குச்சி பத்தவெச்சுக்கலாம்."

கேட்டில் நின்ற அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிரேமாவின் இடுப்பில் தூக்கம் தெளியாத தர்ஷினி இருந்தாள். அரைமணி போனால் இரும்பு மதியத்துக்கு இறங்காது என்பதை அங்கே நின்ற எல்லாரையும்விட ஆறுச்சாமிக்கு நன்றாகத் தெரியும், அவன்தான் உலைக்காரன்.

வசந்தாமணி சட்டியை இடுப்புப் பக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு புகையின் முன்னால் குனிந்தாள். அந்தக் காலத்தில் தினமும் காலையில் சொன்ன அதே குரல் தொண்டையில் தானாக வந்தது.

"மேகலா, அம்மா அடுப்புப் பத்தவெக்கறேன், பொகையும். தள்ளிப் போயி வெளையாடு சாமி."

புகை ஒரு நிமிடம் நின்றது. அப்புறம் சொல்பேச்சுக் கேட்டுத் திரும்பியது. தணல் முழுசாக வெளுப்பதற்குள் வசந்தாமணி உலையைப் பார்த்து நடந்தாள். பின்னால் கிழக்கே, காலையில் தெளித்த வாசல்தண்ணீரில் சளப் சளப்பென்று சின்னப் பாதங்கள் ஓடுகிற சத்தம், லைன் தாண்டி, டீக்கடை தாண்டி, கேட்கிற தூரம் வரைக்கும் கேட்டுக்கொண்டே போனது, அவ்வளவு தூரம் ஓடியும் ஒரு தடவைகூட இருமவில்லை.